எந்திரம் இருந்த இடத்தில் குடித்தனம்

ஆலைக் கட்டடம் எதுவும் மனிதர் வசிப்பதற்காக எழுப்பப்பட்டதன்று. நூல் நூற்பதற்கு எந்திரங்களை வரிசையாக நிறுத்தும் நீண்ட தளங்கள் வேண்டியிருந்தன. எரிவாயுவைச் சேமிப்பதற்குக் காற்றும் உறைபனியும் அண்டாத பெரிய உருளைகள் வேண்டியிருந்தன. சிமெண்டுக்கு வானளாவிய சேமிப்புக் கலன்களும், தேயிலைக்குக் காற்றாடும் மாடிகளும் வேண்டியிருந்தன. சுவரின் கனம், ஜன்னலின் அளவு, மாடியின் உயரம் ஆகிய யாவற்றையும் தொழிலின் தேவையே தீர்மானித்தது. உள்ளே நின்று வேலை செய்தவர்களின் வசதி பெரும்பாலும் கடைசியாகவே கவனிக்கப்பட்டது. தொழில் நின்று, எந்திரங்கள் பழைய இரும்பாக விலைபோன பிறகு, எஞ்சி நிற்கும் கூட்டை இடிக்காமல், அதன் உருவத்தை இயன்றவரை காத்து, அதை வீடாகவோ ஓய்வில்லமாகவோ மாற்றும் முயற்சியைக் கட்டடக்கலை நூல்கள் 'தகவமைப்பு மறுபயன்பாடு' என்று குறிப்பிடுகின்றன. பெயர் சற்றே கரடுமுரடானது. ஆனால் அதில் உள்ள 'தகவமைப்பு' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. பழைய தொழிலின் தேவையும் புதிதாகக் குடியேறுபவரின் தேவையும் எந்த இடத்தில் ஒன்றுபடுகின்றன, எந்த இடத்தில் மோதுகின்றன என்பதைக் கண்டுகொள்வதே இம்மாற்றத்தைச் செய்யும் கட்டடக்கலைஞரின் முதல் வேலை.

இத்தகைய கட்டடங்கள் இத்தனை காலம் நின்றதற்கே ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்து நூற்பாலைகளில் தளங்கள் மரத்தால் ஆனவை; எந்திர எண்ணெய் ஊறிய பலகையும், காற்றில் மிதக்கும் பஞ்சுத் துகளும், வெளிச்சத்துக்கு ஏற்றிய விளக்கும் ஓரிடத்தில் சேர்ந்ததால் ஆலைகள் அடிக்கடி தீக்கிரையாயின. இதற்கு மாற்றாக 1797-இல் ஷ்ரூஸ்பரி நகரில் சார்லஸ் பேஜ் என்பவர் வடிவமைத்த ஆளிநார் ஆலையில் தூண்களும் உத்தரங்களும் வார்ப்பிரும்பால் அமைந்தன. உத்தரங்களுக்கு இடையே செங்கல் வளைவுகள் கட்டப்பட்டு, அவற்றின் மேல் தளம் போடப்பட்டது. முழுவதும் இரும்புச் சட்டகத்தின் மேல் நிற்கும் உலகின் முதல் கட்டடம் இதுவே என்று கருதப்படுகிறது. இன்றைய வானளாவிகளுக்கு இதை மூதாதை என்பதும் வழக்கம். எந்திரங்களின் எடையையும், அவை இரவு பகலாக ஓடும் அதிர்வையும் தாங்குவதற்காகக் கட்டிய தளத்துக்குக் கட்டிலும் மேசையும் அலமாரியும் ஒரு சுமையே அல்ல.

அதே ஷ்ரூஸ்பரி கட்டடம் வேறொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. ஆளிநார் நூற்பு நின்றபின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அது மால்ட் தயாரிக்கும் கூடமாக மாற்றப்பட்டது. மால்ட் என்பது பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, பின் உலர்த்திப் பெறுவது. முளைகட்டும் தானியத்துக்கு வெளிச்சமும் வெப்ப ஏற்ற இறக்கமும் ஆகா என்பதால், நூற்பவர்களுக்காகத் திறந்திருந்த ஜன்னல்களில் பெரும்பாலானவை செங்கல் வைத்து அடைக்கப்பட்டன. 1987-இல் மால்ட் தொழிலும் மூடப்பட்டு, நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, 2022-இல் அது மீண்டும் திறக்கப்பட்டபோது, எந்த ஜன்னலைத் திறப்பது, எதை அடைத்தபடியே விடுவது என்ற கேள்வியைப் புதுப்பித்தவர்கள் எதிர்கொள்ள நேர்ந்தது. வரலாற்றுப்படி பார்த்தால் ஜன்னலும் உண்மை, அதை அடைத்த செங்கல்லும் உண்மை. பழைய கட்டடத்தை 'ஆதி நிலைக்கு' மீட்பதாகச் சொல்பவர்கள் எந்த ஆதியைச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

வீடாக மாற்ற முற்படும்போது எழும் முதல் தடை வெளிச்சம்தான். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப்போல் ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் அறைக்குள் பயன்படும்படி வரும் என்பது கட்டடக்கலைஞர்களிடையே வழங்கும் கணக்கு. தொடக்ககால நூற்பாலைகள் குறுகலானவை என்பதால் இருபுறமும் ஜன்னல் வைத்து நடுப்பகுதி வரை வெளிச்சம் கொண்டுவர முடிந்தது. எந்திரங்கள் பெரிதாகப் பெரிதாக ஆலையின் அகலமும் பெருகி, நடுவில் பகலிலும் விளக்கில்லாமல் நடமாட முடியாத பகுதி ஒன்று உருவாயிற்று. அந்த இருட்டில் படுக்கையறை வைக்க எந்தச் சட்டமும் இடம் தராது. எனவே குளியலறை, சாமான் அறை, நடைபாதை, மாடிப்படி ஆகிய யாவும் நடுவுக்குத் தள்ளப்படுகின்றன. அப்போதும் இடம் மிஞ்சினால் தளங்களை ஊடுருவி மேலிருந்து கீழ்வரை ஒரு கிணறு வெட்டப்படுகிறது. தமிழ்நாட்டுப் பழைய வீடுகளின் முற்றம் செய்யும் வேலையைத்தான் இந்த ஒளிக்கிணறும் செய்கிறது. வேறுபாடு என்னவென்றால் முற்றத்தை முதலில் வைத்து அதைச் சுற்றி வீடு எழும், இங்கே கட்டடம் நின்று நூறாண்டுக்குப் பின் முற்றம் தோண்டப்படுகிறது.

வெளிச்சத்துக்கு அடுத்த தடைகள் கண்ணுக்கு எளிதில் தெரியாதவை. மரத்தளங்களில் பல தலைமுறை எந்திர எண்ணெய் ஊறியிருக்கும். குழாய்களைச் சுற்றிக் கல்நார் பொதிந்திருக்கும், அதாவது தீ பற்றாத இழைக் கனிமமாகிய ஆஸ்பெஸ்டாஸ், நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பக்கூடியது. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கும். வார்ப்பிரும்புத் தூண் எரிவதில்லை என்றாலும், கடும் வெப்பத்தில் இருக்கும்போது தீயணைப்போர் அடிக்கும் குளிர்நீர் பட்டால் விரிசல் விட்டுச் சட்டென உடைந்துவிடக்கூடியது. ஆகவே சூட்டில் பொங்கி நுரைத்துப் போர்வை போல மூடிக்கொள்ளும் ஒருவகைப் பூச்சை அந்தத் தூண்களுக்கு அடிக்கிறார்கள். வெளிப்பார்வைக்கு அது சாதாரண வண்ணப்பூச்சு போலவே தெரியும். பிராட்ஃபோர்டு நகரின் லிஸ்டர் ஆலை போன்ற பெருங்கட்டடங்களில் இத்தகைய செலவுகள் எவ்வளவு பெருகும் என்பதை அதன் அளவைக் கொண்டே ஊகிக்கலாம். 249 அடி உயரப் புகைபோக்கியோடு நிற்கும் அது ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய பட்டாலை. உச்சத்தில் 11,000 பேருக்கு வேலை தந்தது. 1890-91 குளிர்காலத்தில் அங்கு நடந்த வேலைநிறுத்தம் பிரிட்டனில் சுதந்திரத் தொழிற்கட்சி தோன்றுவதற்கு வித்திட்டவற்றுள் ஒன்று. 1992-இல் மூடப்பட்ட அதன் பகுதிகள் ஒவ்வொன்றாகவே அடுக்கு வீடுகளாக மாறின. முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றும் துணிவோ பணமோ எவரிடமும் இருக்கவில்லை.

வெளிச்சமே நுழையாத வேலைக்காகக் கட்டியதை வீடாக மாற்றுவது எப்படி என்பதற்கு வியன்னாவின் நான்கு எரிவாயுத் தொட்டிகளைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆஸ்திரியத் தலைநகரின் சிம்மரிங் பகுதியில் 1896-க்கும் 1899-க்கும் இடையே நகராட்சி எழுப்பிய இந்த உருளைகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70 மீட்டர் உயரமும் 60 மீட்டருக்கு மேற்பட்ட விட்டமும் கொண்டவை. ஒவ்வொன்றும் 90,000 கனமீட்டர் எரிவாயுவைச் சேமிக்கவல்லது. நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சூடேற்றும்போது வெளிவரும் வாயுவே அன்று தெருவிளக்குக்கும் பின்னர் அடுப்புக்கும் போயிற்று. பகலில் உற்பத்தியாகி மாலையில் செலவாகும் அந்த வாயுவை இடைப்பட்ட நேரத்தில் எங்காவது நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

வெளியே தெரியும் செங்கல் சுவர் வாயுவைத் தாங்கவில்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். தண்ணீர் நிறைந்த அண்டாவில் ஒரு செம்பைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடியில் குழாய் வைத்து ஊதினால் செம்பு எப்படி மிதந்து எழும்புமோ, அப்படி உள்ளே ஒரு மாபெரும் இரும்புக் கலம் நீரின் மேல் கவிழ்ந்து மிதந்தது. வாயு வரும்போது உயர்ந்தும், ஊருக்குள் போகும்போது தாழ்ந்தும், தன் எடையாலேயே குழாய்களுக்கு அழுத்தம் கொடுத்தும் அது வேலை செய்தது. வியன்னாவின் குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்துவிடாமலும், காற்று கலத்தைச் சாய்த்துவிடாமலும் காப்பதற்கே சுற்றிலும் சுவர். அந்தச் சுவரை மாளிகை போல வளைவுகளாலும் ஜன்னல்களாலும் அலங்கரித்தது நகராட்சியின் பெருமிதம். 1970-களில் இயற்கை எரிவாயு வந்து நிலக்கரி வாயுவின் காலம் முடிய, 1984-இல் தொட்டிகள் ஓய்வு பெற்றன. அதற்கு முன்பே, 1978-இல், அவை பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டிருந்ததால் இடிக்கும் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. இரும்புக் கலங்களை அகற்றிய பிறகு எஞ்சியது, கூரை போட்ட நான்கு வட்டக் கிணறுகள். சில ஆண்டுகள் அவற்றில் இளைஞர்களின் இரவு நடனக் கூட்டங்கள் நடந்தன. 1987-இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படமொன்றின் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன.

1999 முதல் 2001 வரை நடந்த மாற்றத்தில் நான்கு தொட்டிகளும் நான்கு கட்டடக்கலைஞர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரே கணக்கை நான்கு மாணவர்களுக்குக் கொடுத்தது போன்ற ஏற்பாடு. பிரான்சின் ழான் நூவெல் முதல் தொட்டிக்குள் சுவரை ஒட்டி வளைந்த கோபுரங்களை வட்டமாக நிறுத்தி, அவற்றுக்கிடையே இடைவெளி விட்டார். ஒளியைத் திருப்பியனுப்பும் உலோகப் பரப்புகள் உட்புறத்தில் வெளிச்சத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றுகின்றன. கூப் ஹிம்மெல்பிளாவ் என்ற வியன்னாக் குழு இரண்டாவது தொட்டிக்குள் வட்டமாகக் கட்டியதோடு நில்லாமல், வெளியே அதன் முதுகில் சாய்ந்தாற்போல வளைந்த ஒரு புதிய கட்டடத்தையும் எழுப்பி, மாணவர் விடுதியைச் சேர்த்தது. மான்ஃபிரெட் வேடோர்ன் மூன்றாவதில் படிப்படியாகப் பின்வாங்கும் மாடிகளும் பசுமையான உள்முற்றமும் அமைத்தார்.

நான்காவதை ஏற்ற வில்ஹெல்ம் ஹோல்ட்ஸ்பாவரின் விடையே மற்ற மூன்றையும்விடக் கூர்மையானது எனலாம். மற்றவர்கள் சுவரை ஒட்டி வீடு கட்டி நடுவைக் காலியாக விட, அவர் நடுவில் மூன்று கைகள் கொண்ட நட்சத்திரம் போலக் கட்டடத்தை நிறுத்தி, கைகளுக்கும் பழைய சுவருக்கும் இடையே மூன்று தோட்டங்களை விட்டார். இதனால் அந்த வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிவது அயல்வீட்டுச் சமையலறையன்று. செடிகளுக்கு அப்பால் நூறாண்டுச் செங்கல் சுவரும், அதன் ஜன்னல் துளைகளில் வியன்னாவின் வானமும். சுவர் சுவராகவே இருக்கிறது. வீடு அதன்மேல் ஏறிக்கொள்ளவில்லை. அதன் கீழ்த்தளங்களில் நகரின் ஆவணக் காப்பகம் இடம்பெற்றது. காகிதத்துக்கு வெளிச்சம் வேண்டாம் என்பதால் வீடு வைக்க முடியாத இருண்ட பகுதியைக் காப்பகத்துக்குக் கொடுத்தது சிக்கனமான யோசனை.

நான்கு தொட்டிகளிலுமாக 600-க்கும் மேற்பட்ட வீடுகள் அமைந்தன. அவற்றுள் பெரும்பகுதி நகரின் வீட்டுவசதி மானியத்தோடு, இலாபத்துக்கு வரம்பு விதிக்கப்பட்ட வீட்டுவசதி நிறுவனங்களால் கட்டப்பட்டவை. 2000-ஆம் ஆண்டு இறுதியில் மெட்ரோ ரயில் பாதை அங்குவரை நீட்டிக்கப்பட்டு, தொட்டிகளின் பெயரிலேயே ஒரு நிலையமும் திறக்கப்பட்டது. ரயில் வராமல் போயிருந்தால் ஊர்க்கோடியில் இருந்த அந்தப் பகுதிக்குக் குடிபோக எத்தனை பேர் முன்வந்திருப்பார்கள் என்பது ஐயமே. எல்லாம் திட்டமிட்டபடி நடந்துவிடவுமில்லை: நான்கு தொட்டிகளையும் இணைத்த கடைவீதி எதிர்பார்த்தபடி ஓடவில்லை, பல கடைகள் காலியாகி, இசைப்பள்ளியும் இசை தொடர்பான நிறுவனங்களும் அவ்விடங்களுக்கு வந்தன. வீடுகள் மட்டும் நிலைத்தன.

நிலத்தின் விலை கட்டடத்தின் மதிப்பை விழுங்கிவிடும் இடத்தில் கதை வேறாகிவிடுகிறது என்பதற்கு மும்பை சாட்சி. ஆலைகளின் ஊர் என்று பொருள்படும் கிரண்காவ் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பஞ்சாலைகள் இருந்தன. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் பங்கேற்ற வேலைநிறுத்தத்துக்குப் பின் அத்தொழில் எழுந்திருக்கவே இல்லை. 1991-இல் வந்த விதி, ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகராட்சியின் திறந்தவெளிக்கும், ஒரு பங்கு எளியோர் வீட்டுவசதிக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என்றது; 2001-இல் அந்தப் பங்கீடு கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே பொருந்தும் எனத் திருத்தப்பட்டதால், பொதுப் பயனுக்கான பங்கு வெகுவாகச் சுருங்கியது. உச்ச நீதிமன்றம் 2006-இல் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பெரும்பாலான ஆலைக் கட்டடங்கள் வணிக வளாகத்துக்கும் அடுக்குமாடிக்கும் வழிவிட்டுப் போயின. சில இடங்களில் புகைபோக்கி மட்டும், எதன் புகையைப் போக்கியது என்று சொல்ல ஆளில்லாமல் நிற்கிறது.

தனி மனிதர் ஒருவர் தமக்கென ஓர் ஆலையை வீடாக்கிக்கொண்டதற்கு ஸ்பெயினின் பார்சிலோனாவை அடுத்த சான்ட் ஜஸ்ட் தெஸ்வெர்ன் ஊரில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தைச் சேர்ந்த சிமெண்ட் ஆலை ஒன்று, முப்பதுக்கும் மேற்பட்ட சேமிப்புக் கலன்களோடும் நான்கு கிலோமீட்டர் நீளச் சுரங்கப் பாதைகளோடும் 1973-இல் ரிக்கார்டோ போஃபில் என்ற கட்டடக்கலைஞரின் கண்ணில் பட்டது. அவர் கையிலெடுத்த முதல் கருவி வெடிமருந்து. எதைச் சேர்ப்பது என்று தொடங்காமல், எதை நீக்கினால் உள்ளே ஒளிந்திருக்கும் வடிவம் வெளிப்படும் என்று தொடங்கி, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வெடித்தும் துளைத்தும் உடைத்தும், கடைசியில் எட்டுக் கலன்களை மட்டும் விட்டுவைத்தார். கற்சிற்பி வேண்டாததைச் செதுக்கித் தள்ளும் முறைக்கு இது நெருக்கமானது. கலன்களுக்குள் அலுவலகம் வந்தது. உயரமான ஆலைக்கூடம் 'தேவாலயம்' என்ற பெயரோடு கூட்டங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் உரிய மண்டபமாயிற்று. மேலே அவர் குடும்பத்தோடு வாழ்ந்த வீடு. சுற்றிலும் யூகலிப்டஸ், பனை, ஆலிவ், சைப்ரஸ் மரங்கள் நட்டு, கூரைகளில் செடி ஏற்றி, சிமெண்ட் தூசு படிந்த இடத்தைத் தோப்பாக்கினார். 2022 ஜனவரியில் இறக்கும் வரை தம் வேலைக்கும் தனிமைக்கும் அவர் நம்பியிருந்தது அந்த இடத்தைத்தான்.

அதே ஆலையின் நிலத்தில், அதே போஃபில் குழு 1975-இல் கட்டி முடித்த வால்டன் 7 என்ற 446 வீடுகள் கொண்ட குடியிருப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். புதிதாகக் கட்டிய அதன் வெளிச்சுவர் ஓடுகள் சில ஆண்டுகளில் பெயர்ந்து விழத் தொடங்கி, கீழே நடப்பவர்களைக் காக்க வலை கட்ட நேர்ந்தது. பின்னர் ஓடுகளை அகற்றிச் சுவருக்கு வண்ணம் பூசினார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னரே தூசும் வெயிலும் தின்ற பழைய காங்கிரீட், பக்கத்தில் அசையாமல் நின்றது.

வீட்டைவிட ஓய்வில்லத்துக்குப் பழைய ஆலை பொருந்துவது எளிது. நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கு வேண்டிய அடுக்களை, சேமிப்பறை, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவை இரண்டு இரவு தங்குபவருக்குத் தேவையில்லை. அறையின் விசித்திரமான உயரமும் ஜன்னலின் ஒழுங்கற்ற இடமும் குடியிருப்பவருக்குத் தொல்லையாகவும், விருந்தினருக்கு அழகாகவும் தோன்றும். அதிலும் தொழிலே காற்றையும் ஜன்னலையும் கேட்டிருந்தால் கட்டடம் பாதி வேலையை முன்பே முடித்து வைத்திருக்கும். இலங்கையின் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில், 6,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் நிற்கும் ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை அப்படிப்பட்டது. மலையகத் தமிழர் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். தோட்டத்தின் பெயரோ இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர்.

தேயிலை உருவாகும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் அந்தக் கட்டடத்தின் உருவம் புரியும். பறித்த கொழுந்து மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், நிறுக்கப்பட்டுத் தொழிற்சாலையின் மேல்மாடிகளுக்கு ஏற்றப்படும். அங்கே அடுக்கடுக்காகக் கட்டிய சாக்குத்துணித் தட்டுகளில் மெல்லிய படலமாகப் பரப்பி, ஓர் இரவு முழுக்கவோ அதற்கும் மேலோ காற்றாட விடுவார்கள். இதற்கு வாட்டுதல் என்று பெயர். ஈரம் குறைந்து துவண்ட கொழுந்துதான் அடுத்த கட்டத்தில் நொறுங்காமல் உருளும். வாடாத கொழுந்து உருட்டும் எந்திரத்தில் கிழிந்துபோகும். மிகையாக வாடியது பொடியாகும். ஆகவே மலைக்காற்று ஈரமாக இருக்கும் நாளில் ஜன்னலைச் சாத்தி, கீழே உலர்த்தும் அடுப்பிலிருந்து எழும் வெதுவெதுப்பான காற்றை விசிறிகளால் மேலே இழுப்பதும், காய்ந்த காற்று வீசும் நாளில் ஜன்னல்களை விரியத் திறப்பதும் அனுபவத்தால் வரும் கைப்பழக்கம். வாடிய கொழுந்து தரைத்தளத்துக்கு இறங்கி, உருட்டப்பட்டு, காற்றோடு வினைபுரிந்து செம்பு நிறமாகி, உலர்ந்து, சலிக்கப்பட்டு, தரம் பிரிக்கப்படும். நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்குக் கிடைக்கும் தேயிலை இருபத்திரண்டு கிலோ அளவில்தான் இருக்கும். எஞ்சிய எடையெல்லாம் அந்த ஜன்னல்கள் வழியாகவும் அடுப்பின் புகைபோக்கி வழியாகவும் ஆவியாகப் போனது.

தொழிற்சாலையின் மேல்மாடிகளில் சுவரைக் காட்டிலும் ஜன்னல் அதிகமாக இருப்பதன் காரணம் இதுவே. நெளிதகடு போர்த்திய நீண்ட பெட்டி போன்ற உடலில் வரிசை வரிசையாக ஓடும் அந்த மரச்சட்ட ஜன்னல்கள் கொழுந்துக்காக வைத்தவை. எந்த விடுதிக்காரரும் கேட்கத் தயங்கும் அளவுக்கு அவை காற்றையும் காட்சியையும் தருகின்றன. நீண்ட தொட்டி போன்ற அமைப்பின் அடியிலிருந்து விசிறியால் காற்று ஊதி வாட்டும் முறை பரவிய பின், பல மாடிகள் கொண்ட தொழிற்சாலையின் அவசியமே குறைந்தது. நாட்டின் அரசியலும் மாறிக்கொண்டிருந்தது. 1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1964-ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தனர். ஹெதர்செட் தொழிற்சாலை 1970-களின் தொடக்கத்தில் மூடப்பட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேல் பூட்டிக் கிடந்தது.

1996-இல் அது விடுதியாகத் திறக்கப்பட்டபோது, வடிவமைத்த நிஹால் போதிநாயக்க செய்த முக்கியமான காரியம், எதைத் தொடக்கூடாது என்று தீர்மானித்ததுதான். வெளித்தகடும், பச்சை வண்ணம் தீட்டிய ஜன்னல் சட்டங்களும் அப்படியே விடப்பட்டன. தூரத்திலிருந்து பார்க்கும் எவரும் அதை இன்றும் தேயிலைத் தொழிற்சாலை என்றே எண்ணுவர். கொழுந்து வாடிய மாடிகள் தங்கும் அறைகளாயின. இரும்புத் தூண்களும் உத்தரங்களும் மறைக்கப்படவில்லை. வாட்டும் மாடியின் பெரிய விசிறிகள் நடைவழியில் தம் இடத்திலேயே நிற்கின்றன. அடித்தளத்தில் பழைய எந்திரம் துடைத்துப் பளபளப்பாக்கி வைக்கப்பட்டிருக்கிறது. குறுகிய இருப்புப்பாதை ஒன்று ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை தேயிலைப் பெட்டிகளை ஏற்றிச் சென்றது என்பதை நினைவூட்டும் வகையில், ரயில் பெட்டி ஒன்று உணவுக்கூடமாகத் தோட்டத்தில் நிற்கிறது. மின்தூக்கியில் ஏறும் விருந்தினர் கடக்கும் தூரம்தான் முன்பு கொழுந்து மேலே போய்க் கீழே இறங்கிய தூரம்.

விருந்தினர் விரும்பினால் சேலை கட்டி, கூடை மாட்டி, கொழுந்து பறித்துப் பார்க்கலாம் என்பது அந்த விடுதியின் பெயர்பெற்ற பொழுதுபோக்குகளுள் ஒன்று. பார்க்க அழகான காட்சிதான். ஆனால் மலையகத்தின் கதையை அறிந்தவருக்கு அதில் ஒரு முள் இருக்கிறது. திருச்சி, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகளின் கீழ் வந்து அந்தச் சரிவுகளைத் தேயிலைக் காடாக்கியவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வீடு, ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகு ஒட்டிய பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் கொண்ட லயம். அதைக் கட்டிய முறையிலும் ஆலைக் கட்டடத்தின் தர்க்கமே இருக்கிறது: வேலைக்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவே. காற்று வேண்டும் என்று கொழுந்து கேட்டபோது ஜன்னல் வைத்தார்கள். லயத்து அறைக்குப் பெரும்பாலும் ஒரு கதவே போதும் என்று விட்டுவிட்டார்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் கழித்தே உரிமை பெற்ற அந்தச் சமூகத்தில் பெரும்பகுதியினர் இன்றும் லயங்களில்தான் வாழ்கின்றனர். காணியோடு கூடிய தனி வீடு என்பது மலையகத் தொழிற்சங்க மேடைகளில் ஓயாத கோரிக்கை. தோட்டத்தில் பாதுகாக்கத் தக்க பழைய கட்டடம் எது என்று பட்டியல் போடும்போது, தொழிற்சாலையும் துரை பங்களாவும் உடனே நினைவுக்கு வருகின்றன. நூறாண்டு கடந்த லயமும் வரலாற்றுச் சின்னம்தானே என்று சொன்னால், அதில் குடியிருப்பவர் முதலில் சிரிப்பார், பிறகு தம் கூரைத்தகட்டின் ஓட்டையைக் காட்டுவார்; அங்கே பாதுகாப்பு என்ற சொல்லுக்கு வேறு பொருள்.

இதனால் ஹெதர்செட் மாற்றத்தின் திறமை குறைந்துவிடாது. பழைய இரும்பு வியாபாரியின் லாரியில் ஏறியிருக்க வேண்டிய எந்திரத்தையும், பெயர்த்து விற்கப்பட்டிருக்கக்கூடிய தகடுகளையும் அது காத்தது. மூடிய கதவுக்குப் பதிலாக அக்கம்பக்கத்தவருக்கு மாதச் சம்பளம் உள்ள வேலையைத் தந்தது. விடுதி வளாகத்திலேயே சிறிய தேயிலை ஆலை ஒன்றும் இயங்குகிறது. சுற்றியுள்ள சரிவில் பறிக்கும் கொழுந்து இப்போது அந்தச் சிறிய ஆலைக்குப் போகிறது. பெரிய கட்டடத்தின் மாடி ஜன்னல்களை, மலைக்காற்று ஈரமாக இருக்கும் நாளில், அறைப் பணியாளர்கள் படுக்கை விரிப்புகள் நனையாதிருக்க வந்து சாத்துகிறார்கள்.